ஊருக்கு வந்தால் விருந்தாளி, ரிசார்ட்டுக்குப் போனால் விவசாயி

திருத்தங்கலை விட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய் நல்லபடியாக இருக்கிற பெற்றோர்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் கேளுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, முழுதாகக் கேளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை ஊருக்கு வருகிறீர்கள். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, இல்லையென்றால் குலசாமிக்கு ஒரு பொங்கல். காரை விட்டு இறங்கியதும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வி, "சார்ஜர் எங்கே?" இரண்டாவது கேள்வி, "எப்பக் கிளம்புறோம்?" மத்தியானம் சாப்பாடு. அப்பத்தா பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ. பொழுது சாய்ந்ததும், "பிள்ளைகளுக்கு இங்க பாத்ரூம் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுச் சிவகாசியில் ஏசி அறை. மறுநாள் விடிந்ததும் பால்கோவாப் பொட்டலத்தோடு நாலுவழிச் சாலை. "என்னய்யா, வந்த காலோடயே கெளம்புறீக?" என்று வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கு, கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு சிரிப்பு.

அதே நீங்கள் மே மாதம் என்ன செய்கிறீர்கள்? கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த இ-பாஸை எடுத்துக்கொண்டு போய் மலைப்பாதையில் வண்டி வரிசையில் நிற்கிறீர்கள். அது சலித்தவர்கள் இப்போது புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்: கிராமத்து வாழ்க்கை ரிசார்ட். திண்ணை வைத்த வீடு, கயிற்றுக் கட்டில், கிணறு, இரண்டு மாடு, ஒரு மாட்டுவண்டி. ஒரு ராத்திரி வாடகை, இங்கே ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் பாதி. அங்கே பிள்ளை மாட்டுக்கு ஒரு பிடி புல் நீட்டினால் அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிறீர்கள். இங்கே சொந்தப் பெரியப்பா வீட்டுத் தொழுவத்தில் அதே பிள்ளை கால் வைத்தால் "சாணி! சாணி!" என்று அலறுகிறீர்கள். காசு கொடுத்து மிதித்தால் அனுபவம், சும்மா மிதித்தால் அசிங்கமா?

நீங்கள் வழக்கமாகச் சொல்லுகிற காரணங்கள் எல்லாம் ஊருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"திருத்தங்கல் எங்கே கிராமமா இருக்கு?" உண்மைதான். 2021-ல் நம் நகராட்சி சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சினிமாவில் வருகிற வாய்க்காலும் வரப்பும் தென்னந்தோப்பும் இங்கே எப்போதும் இருந்ததில்லை. இது கரிசல். மானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தி, மக்காச்சோளம், கம்பு. பெய்யாவிட்டால் வெடித்துக் கிடக்கிற கறுப்பு மண், அதன் நடுவே வேலிக்கருவேலும் பட்டாசு ஆபீஸ் கம்பிவேலியும். போட்டோவுக்கு அழகான பின்னணி கிடைக்காது என்பதால் அது ஊர் இல்லை என்று ஆகிவிடுமா? ஊர் என்பது உங்கள் பிள்ளையை "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று தெருவில் நிறுத்திக் கேட்கிற இடம். கேட்டுவிட்டு மூன்று தலைமுறைக் கதையைச் சொல்கிற இடம். எந்த ரிசார்ட்டில் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்? அங்கே கேட்பதெல்லாம் ஆதார் நகல்.

"பாத்ரூம் சரியில்லை." கட்டிக் கொடுங்கள். ரிசார்ட்டில் இரண்டு வருஷம் கொட்டுகிற பணத்தில் உங்கள் அம்மா வீட்டுக்கு டைல்ஸ் போட்ட கழிப்பறையும், முழங்கால் வலிக்கிற கிழவி உட்கார்ந்து எழ மேற்கத்திய பாணிப் பீங்கானும் வந்துவிடும். பிள்ளைக்கு ஒரு ராத்திரி சரிப்படாத இடத்தில் அம்மா எழுபது வயதில் தினமும் போய் வருகிறாள் என்பது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

"வெயில் தாங்காது." அக்கினி நட்சத்திரத்தில் விருதுநகர் மாவட்டத்து வெயிலை யாரும் பாராட்டப் போவதில்லை. ஆனால் மே மாதத்தில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? அரையாண்டுத் தேர்வு முடிந்து டிசம்பர் கடைசியில் லீவு விடுகிறார்களே, அப்போது வந்து பாருங்கள். நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை ஓரளவு கைகொடுத்த வருஷத்தில், மார்கழியில் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், கொக்கும் நாரையும் இறங்கியிருக்கும், மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அதே கரிசல் காடு கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாக இருக்கும். அப்படியே இரண்டு வாரம் தள்ளிப்போட்டால் தைப்பொங்கல். இந்த மண்ணைக் கோடையில் மட்டும் வந்து பார்த்துவிட்டு "வறண்ட ஊர்" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான்.

"கோச்சிங் கிளாஸ் இருக்கு." ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கா? பத்து நாள் கணக்குப் போடாவிட்டால் மறந்துபோகிற கணக்கு, கற்றுக்கொண்ட கணக்கே இல்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த எந்தப் பாட்டியிடமாவது உட்காரச் சொல்லுங்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி, அதற்கு இத்தனை காசு, நாளைக்கு இத்தனை குரோஸ், வாரக் கூலி எவ்வளவு, பிடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று தாளும் பென்சிலும் இல்லாமல் சொல்லுவார்.

"அங்க பார்க்க என்ன இருக்கு?" இதைக் கேட்கும்போதுதான் உண்மையிலேயே கோபம் வருகிறது. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊரின் குன்று 108 திவ்யதேசங்களில் ஒன்று. நின்ற நாராயணப் பெருமாள். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். பாண்டியர் காலக் குடைவரை இருக்கிறது. அதே குன்றில் கருநெல்லிநாதர் என்ற பெயரில் சிவனும் இருக்கிறார். மற்ற ஊர்களில் பாம்பைக் கண்டால் பாய்கிற கருடன், இங்கே நான்கு கைகளோடு, ஒரு கையில் பாம்பைச் சிநேகமாக வைத்துக்கொண்டு நிற்கிறார். ஏன் என்று உங்கள் பிள்ளை கேட்டிருக்கிறதா? கேட்கிற அளவுக்கு நேரம் கொடுத்து அங்கே நிறுத்தியிருக்கிறீர்களா? "சாமி கும்பிட்டாச்சா, வா வா" என்று இழுத்துக்கொண்டு இறங்கியதுதானே உண்மை?

சிலப்பதிகாரத்தில் இந்த ஊருக்கு ஒரு கதையே இருக்கிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிற கதை. சேரனிடம் பரிசு வாங்கிக்கொண்டு வந்த பராசரன் என்பவன் தங்கால் என்ற நம் ஊர் மன்றத்தில் இளைப்பாறுகிறான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொள்கிறார்கள். என்னோடு சேர்ந்து பிழையில்லாமல் மறை ஓதுகிறவனுக்கு இந்த மூட்டை என்கிறான். வார்த்திகன் மகன் தட்சிணாமூர்த்தி, மழலை மாறாத பையன், ஓதி ஜெயித்து நகையும் பொன்னும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறான். வந்தது வினை. 'இந்த வீட்டுக்கு ஏது இவ்வளவு பொன்?' என்று அரசு ஆட்கள் தகப்பனைச் சிறையில் போடுகிறார்கள். தாய் அழுது புரள்கிறாள். அந்த அநியாயம் பொறுக்காமல் ஐயை என்ற அம்மனின் கோயில் கதவு திறக்கவில்லை. பாண்டியன் விசாரித்து, குற்றம் தன் ஆட்களுடையது என்று தெரிந்து, வார்த்திகனிடம் மன்னிப்புக் கேட்டுத் தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுக்கிறான். ராஜா ஒருவன் சாதாரண மனிதனிடம் மன்னிப்புக் கேட்ட ஊர் உங்கள் ஊர். இதைத் திருத்தங்கல் தெருவில் நடந்துகொண்டே பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷம்தான் இதுவரை கிடைக்கவில்லை.

இதற்கும் மேல் வேண்டுமென்றால் எல்லாம் ஒரு பஸ் தூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோபுரம். அதற்கு மேற்கே மலையில் சாம்பல் நிற அணில்களுக்கு 1988-ல் அமைந்த சரணாலயம், 2021 முதல் அதுவும் சேர்ந்து புலிகள் காப்பகம். விருதுநகரில் காமராஜர் பிறந்த வீடு. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை, 2022-ல் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கிய மேட்டில் சங்கு வளையலும் கண்ணாடி மணியும் சுடுமண் பொம்மையும் கிடைத்த இடம். ஆனால் இதையெல்லாம் காரில் போட்டு ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிட்டு "ஊர் பார்த்தாச்சு" என்று முடித்துவிடாதீர்கள். அப்படிப் பார்ப்பதற்கு யூடியூப் போதும்.

அடுத்தது வாய்விட்டுச் சொல்லாத காரணம். பாகப்பிரிவினை. சித்தப்பாவோடு பேச்சில்லை, அத்தை வீட்டு விசேஷத்துக்கு மொய் சரியாகச் செய்யவில்லை, கிழக்குச் சுவர் யாருக்கு என்று கேஸ் நடக்கிறது. இருக்கட்டும், உங்கள் சண்டையை நீங்கள் நடத்துங்கள். அந்தச் சுவருக்காகப் பிள்ளைக்கு ஐந்து அண்ணன் தம்பி, நாலு அக்கா தங்கை இல்லாமல் ஆக்குவது எந்த நியாயம்? நீங்கள் முகம் கொடுக்காத அதே சித்தி உங்கள் பிள்ளைக்குத் தலை சீவிவிட்டுப் பூ வைப்பாள். ஊர் அப்படித்தான். பெரியவர்களோடு பேசாமல் இருக்கவும், அவர்கள் பிள்ளைக்குச் சோறு போடவும் அதற்கு ஒரே நேரத்தில் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் ஊரைவிட்டுப் போனது எதனால் முடிந்தது? 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதையை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று தொழில் பெருகி, மழை பொய்த்த ஊரில் அடுப்பு எரிந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. இருட்டு விலகுமுன் ஆபீஸ் பஸ் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்தான் வேகம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கோடை லீவு என்றால் முழுநாள் வேலை என்று அர்த்தம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது சிவகாசிப் பிள்ளைகளை முன்வைத்துத்தான்.

அந்தப் பிள்ளைகள் எங்கேயும் போய்விடவில்லை. அவர்கள்தான் இன்றைக்கு உங்கள் அக்கா, உங்கள் மதினி, உங்கள் அம்மா. லீவே கிடைக்காமல் வளர்ந்தவர்கள் "நம்ம தம்பியாச்சும் படிக்கட்டும்" என்று திண்ணையில் உட்கார்ந்து குழாய் உருட்டியதில், சரம் பின்னியதில் உங்கள் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு லீவு கிடைத்திருக்கிறது. அதில் பத்து நாளை அந்த லீவுக்கு விலை கொடுத்தவர்கள் வீட்டில் செலவழிக்க முடியாதா?

இதைச் சொன்னதும் சிலர் வேறு பக்கம் தாவுவீர்கள். "ஆமாமா, பிள்ளை வந்து கஷ்டத்தைப் பார்க்கட்டும். நாம எவ்வளவு கொடுத்து வைத்தவர்கள் என்று புரியட்டும்." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் அக்கா வீடு உங்கள் பிள்ளைக்கு வறுமைப் பாடம் நடத்துகிற கண்காட்சி இல்லை. தண்ணீர் தினமும் வராது, வருகிற நாளில் வீடே எழுந்து குடம் குடமாகப் பிடித்து வைக்கும். அதைப் பார்த்து உங்கள் பிள்ளை "பாவம்" என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடத்தைப் பிடித்துத் தூக்கினால் போதும். பரிதாபப்பட்ட பிள்ளை விருந்தாளியாகவே திரும்பிப் போகும். குடம் தூக்கிய பிள்ளை அந்த வீட்டில் ஒரு ஆளாகிவிடும்.

வருவது என்று முடிவு செய்துவிட்டால், எப்படி வருவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், வீட்டில் இருப்பவர்களின் வேலை நாளைக் கேளுங்கள். மே மாதம் உங்களுக்கு லீவு, பட்டாசு ஆபீசுக்கு லீவு இல்லை. நல்ல வெயிலில் காய வைத்தால்தான் சரக்கு. தீபாவளி முடிந்ததும்தான் ஆபீஸ்கள் சில வாரம் மூடிக் கிடக்கும், பிறகு பூஜை போட்டுத் தொடங்கும். கூலிக்குப் போகிற அக்கா வீட்டில், முழு மே மாதத்துக்கும் இரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டு, "அக்கா பார்த்துக்குவா" என்று நீங்கள் நிம்மதியாக ஆபீஸ் போவதற்குப் பெயர் ஊர்ப்பாசம் இல்லை. அவளுக்கு அது சம்பளம் இல்லாத வேலை. பத்து நாள் போதும். சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கலை ஒட்டி வந்தால் ஊரும் கலகலப்பாக இருக்கும். வரும்போது அரிசியும் மளிகையும் வாங்கிப் போட்டுவிட்டுப் போங்கள். அவள் வேண்டாம் என்பாள், நீங்கள் போடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் கூடவே உட்கார்ந்திருக்காதீர்கள். எட்டு, ஒன்பது வயது தாண்டிய பிள்ளையை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை அது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சோற்றைத் தொடும், உங்களிடம் கேட்டுத்தான் தெருவில் இறங்கும். மூன்றாம் நாள் போன் வரும், "போரடிக்குது" என்று. அதற்காக ஓடிவராதீர்கள். போரடித்த பிள்ளைதான் வாசலுக்கு வரும். வாசலுக்கு வந்தால் தெருப் பிள்ளைகள் இருக்கும். அச்சாபீசில் வேலை பார்க்கிற மாமா இருந்தால், நிறம் விலகி அச்சடித்த காலண்டர் தாள் கட்டாகக் கிடைக்கும். முருகனுக்கு மூன்று மூக்கு இருக்கிற அந்தத் தாளில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போட்டார்கள், பட்டம் விட்டார்கள். அதே மாமாவோடு அச்சாபீசுக்குப் போனால், ஆடிப்பெருக்குக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடுகிற அதிசயத்தையும் தெரிந்துகொள்ளும்.

மூன்றாவதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பட்டாசு ஆபீஸ் சுற்றிப் பார்க்கிற இடம் இல்லை. பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு அங்கே இடமே கிடையாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் வெடிவிபத்துச் செய்தி இல்லாமல் ஒரு வருஷமும் போனதில்லை. "சொந்தக்காரர் ஆபீஸ்தானே, ஒரு எட்டுக் காட்டிட்டு வாங்க" என்று யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். காட்டில் கொட்டிக் கிடக்கிற கழிவுப் பட்டாசைத் தொடக்கூடாது என்று பிள்ளையிடம் கிளம்பும் முன்பே சொல்லுங்கள். அதேபோல் கண்மாய். கரம்பை மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, கரையோரம் கணுக்கால் ஆழம் இருக்கும், இரண்டடி தள்ளி ஆள் ஆழம். பெரியவர்கள் கூட இல்லாமல் இறங்கக்கூடாது. ஊர்ப் பிள்ளைக்கு எந்த இடம் பள்ளம் என்று தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தெரியாது. இந்த இரண்டு பயமும் நியாயமானவை. இவற்றுக்குப் பயப்படுங்கள், சாணிக்கும் கொசுவுக்கும் பயப்படாதீர்கள்.

ஊரில் வீடே இல்லை, விற்றாயிற்று என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. உங்களோடு படித்தவன் ஒருவனாவது இன்னும் இங்கேதான் இருக்கிறான். அவன் பிள்ளையை அரையாண்டு லீவில் பத்து நாள் உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கடலைக் காட்டுங்கள், மெட்ரோவில் ஏற்றுங்கள். அடுத்த லீவில் உங்கள் பிள்ளையை அவன் வீட்டுக்கு அனுப்புங்கள். வருகிற உரிமை வேண்டுமென்றால் வரவேற்கிற கடமையும் உண்டு. உங்களில் எத்தனை பேர் ஊரிலிருந்து ஒரு பிள்ளையை உங்கள் அடுக்குமாடி வீட்டில் பத்து நாள் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்கு உங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வயதாகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கும் வயதாகிறது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அதை நீங்களே அசைய விடமாட்டீர்கள். உங்கள் கையில் இருப்பது நாலோ ஐந்தோ லீவுதான்.

ஆகவே இன்றைக்கே ஊருக்குப் போன் போடுங்கள். "நாங்க வாரோம்" என்று சொல்லாதீர்கள், "எப்ப வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற தேதிக்கு ரயிலைப் பாருங்கள். 60 நாளுக்கு முன்பு முன்பதிவு திறக்கும், விடுமுறை நாளென்றால் சென்னையிலிருந்து வருகிற பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். ராத்திரி எழும்பூரில் ஏறினால் விடியும்போது சிவகாசி. உங்களுக்குத் திரும்புகிற டிக்கெட்டை அடுத்த நாளுக்கே எடுத்துக்கொள்ளுங்கள், உங்களை யாரும் தடுக்கவில்லை. பிள்ளையின் டிக்கெட்டைப் பத்து நாள் கழித்துப் போடுங்கள்.